வெண்ணெய் மணமும் நுரையீரலும்: மூச்சை ஆய்வகம் அளப்பது எப்படி

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துப் பொரிக்கும் பாப்கார்ன் பொட்டலங்களைத் தயாரிக்கும் ஆலை ஒன்று அங்கே இயங்கியது. 2000ஆம் ஆண்டு மே மாதம், தொழில்சார் நோய்களைக் கவனிக்கும் மருத்துவர் ஒருவர் மாநில சுகாதாரத் துறைக்குத் தகவல் தெரிவித்தார். அந்த ஆலையில் முன்பு வேலை பார்த்த எட்டுப் பேருக்கு நுரையீரல் மோசமாகக் கெட்டிருக்கிறது, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியான நோய் என்பதுதான் செய்தி. அவர்களில் நான்கு பேர் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள்.

ஆலையில் சந்தேகப்பட என்ன இருந்தது? நிலக்கரித் தூசி இல்லை, கல்நார் இல்லை. சூடான சோயா எண்ணெய்த் தொட்டியில் உப்பும் நிறமும் வெண்ணெய் மணமூட்டியும் கலப்பார்கள். மூடியைத் திறந்தால் வெண்ணெய் வாசனை ஆவியாக எழும். அந்த வாசனைக்கு முக்கியக் காரணம் டைஅசிட்டைல் என்ற வேதிப்பொருள். வெண்ணெயில் இயற்கையாகவே கொஞ்சம் இருப்பதுதான். உணவில் சேர்க்கப் பாதுகாப்பானது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்ட பொருளும்கூட.

ஆனால் அந்த ஏற்பு சாப்பிடுவதைப் பற்றியது மட்டுமே. மூச்சில் இழுப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இந்த வேறுபாடு சின்னதாகத் தெரியலாம். நுரையீரல் ஆய்வுத் துறை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. வாய்வழி போகும் பொருள் வயிற்று அமிலத்தையும் குடலையும் கடந்து, கல்லீரலில் பெருமளவு உடைக்கப்பட்ட பிறகே உடல் முழுக்கச் சேரும். மூச்சில் போவதற்கு அப்படி இடைநிலைகள் கிடையாது. மூச்சுக்குழல் இரண்டு இரண்டாகக் கிளைத்து, சுமார் 23 தலைமுறை கிளைகளுக்குப் பிறகு, 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகளில் முடிகிறது. அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையே இருப்பது ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவான தடிமனுள்ள சவ்வு. அதன் வழியே ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றைப் புழங்கவிடுகிறோம். அதனால் ஒரு பொருள் மூச்சுக்குப் பாதுகாப்பானதா என்பதை மூச்சு வழியே சோதித்துத்தான் அறிய முடியும்.

சரி, எப்படிச் சோதிப்பது? இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நுரையீரல் எந்த அளவுக்கு வேலை செய்கிறது, எந்த இடத்தில் பழுது என்பது ஒன்று. அதற்குள் போனது என்ன, எவ்வளவு, எதுவரை போய்ச் சேர்ந்தது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு, ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணமா என்று பார்ப்பது மூன்றாவது வேலை. ஜாஸ்பர் விவகாரத்தில் இந்த மூன்றும் நடந்தன. அதனால் அதையே பிடித்துக்கொண்டு போவோம்.

ஊதிப் பார்ப்பது

முதல் கருவி ஸ்பைரோமீட்டர். மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு, முடிந்த மட்டும் மூச்சை உள்ளே இழுத்து, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, ஒரே வீச்சில் பலமாக ஊத வேண்டும். இனி உள்ளே ஒன்றுமில்லை என்று தோன்றும் வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் கொஞ்சம், விடாதீங்க" என்று சத்தம் போடுவது வேலையின் ஒரு பகுதி. ஊதுபவர் முழு முயற்சி எடுக்காவிட்டால் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் எண் பொய்யாகிவிடும். அதனால் ஒருமுறை ஊதினால் போதாது. ஒழுங்காக ஊதிய மூன்று முயற்சிகளாவது வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டும் 150 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும்.

இந்தக் கருவிக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்த மணி போன்ற பாத்திரத்துக்குள் ஆட்களை ஊதவைத்து, அது எவ்வளவு உயர்கிறது என்று அளந்தார். மாலுமிகள், காவலர்கள், தீயணைப்பு வீரர்கள், ஏழைகள், கனவான்கள் என்று 2,000க்கும் மேற்பட்டவர்களை அளந்து 1846இல் வெளியிட்டார். ஆள் உயரமானால் ஊதும் கொள்ளளவும் கூடுகிறது என்பது அவர் கண்டது. ஆனால் அவர் அளந்தது எவ்வளவு என்பதை மட்டும். எவ்வளவு வேகமாக என்பதை அல்ல. முதல் ஒரு வினாடியில் வெளியே வருவது எவ்வளவு என்று பார்க்கும் வழக்கம் நூறு ஆண்டு கழித்து, 1947இல், பிரான்சில் ராபர்ட் டிஃப்னோவும் அவருடைய சகாவும் செய்த வேலையிலிருந்து வந்தது.

அந்த ஒரு வினாடிதான் எல்லாம். வாய் அகன்ற குடமும் வாய் குறுகிய குடமும் ஒரே அளவு தண்ணீர் கொள்ளலாம். கவிழ்த்தால் குறுகியது காலியாக நேரம் எடுக்கும். நுரையீரலின் குழல்கள் சுருங்கினாலும் அப்படித்தான். மொத்தமாக ஊதி வெளியேற்றும் அளவை எஃப்விசி என்றும், முதல் வினாடியில் வெளியேறுவதை எஃப்இவி1 என்றும் சொல்வார்கள். ஆரோக்கியமான பெரியவர் மொத்தக் காற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கையோ அதற்கு மேலோ முதல் வினாடியிலேயே ஊதிவிடுவார். இந்த விகிதம் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். வயதானவர்களுக்கு விகிதம் இயல்பாகவே இறங்குவதால், வயதுக்கேற்ற கீழ் எல்லையைப் பார்ப்பதே சரி என்று வாதிடுபவர்களும் நிறையப் பேர். என் சார்பும் அந்தப் பக்கம்தான். மொத்த அளவே குறைந்து, விகிதம் மட்டும் நன்றாக இருந்தால் கதை வேறு: நுரையீரல் விரிய முடியாமல் இறுகியிருக்கலாம். கல்நார் நோய் பெரும்பாலும் இந்த வகையில் வரும்.

குறைந்திருக்கிறது என்று சொல்ல, எதோடு ஒப்பிடுவது? அதே வயது, உயரம், பாலினம் உள்ள ஆரோக்கியமானவர்களின் எண்களோடு. இங்கேதான் நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. உலகம் முழுக்கப் பயன்படும் 2012ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சமன்பாடுகளை உருவாக்கியபோது, இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று தனியாக ஒன்று வகுக்கப் போதுமான தரவு கிடைக்கவில்லை. சென்னையின் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி. கே. விஜயன் குழுவினர் ஆரோக்கியமான இளம் வயதினரை அளந்து 1990இல் வெளியிட்டது போன்ற உள்ளூர் அளவீடுகள் முக்கியமாவது இதனால்தான். தவறான அளவுகோலோடு ஒப்பிட்டால் நல்ல நுரையீரல் நோயாளியுடையதாகத் தெரியும், நோயாளியின் நுரையீரல் நல்லதாகத் தெரியும்.

ஜாஸ்பர் தொழிலாளர்களுக்கு விகிதம் குறைந்திருந்தது. அப்படியென்றால் ஆஸ்துமாவா? அதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. குழலை விரிக்கும் சால்பூட்டமால் மருந்தை இழுக்கச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதவைப்பார்கள். அப்போதிருந்த விதிப்படி 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் அடைப்பு விலகக்கூடியது. ஆஸ்துமாவில் பெரும்பாலும் அப்படிக் கூடும். இவர்களுக்குக் கூடவில்லை. அடைப்பு நிலைத்துவிட்டது. புகைபிடிப்பவர்களுக்கு வரும் எம்ஃபிசீமாவாக இருக்குமோ என்ற கேள்வி மிச்சமிருந்தது. அதற்கு ஸ்பைரோமீட்டரிடம் பதில் இல்லை.

ஊதினாலும் வெளியே வராத காற்று

எவ்வளவு முக்கி ஊதினாலும் நுரையீரல் காலியாகாது. பெரியவர்களுக்கு ஒரு லிட்டருக்கும் சற்று மேலே உள்ளே தங்கிவிடும். குழல்கள் அடைபட்டவருக்கு இந்த மிச்சம் பெருகும். காற்று சிறைப்படுகிறது என்று சொல்வார்கள். வெளியே வராத காற்றை அளப்பது எப்படி?

ஒரு வழி ஹீலியம். அளவு தெரிந்த பெட்டியில் அடர்த்தி தெரிந்த ஹீலியத்தை வைத்து, அதோடு இணைந்து மூச்சுவிடச் சொல்வார்கள். ஹீலியம் ரத்தத்தில் அவ்வளவாகக் கரையாது. அதனால் அது பெட்டிக்கும் நுரையீரலுக்கும் இடையே பரவி நீர்த்துப்போகும். எவ்வளவு நீர்த்தது என்பதிலிருந்து உள்ளே இருந்த காற்றின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். கெட்டிக்காரத்தனமான முறைதான், ஒரு குறை மட்டும் உண்டு. முழுக்க அடைபட்ட பகுதிக்குள் ஹீலியம் போகாது, அந்தக் காற்று கணக்கில் வராது.

இன்னொரு வழி டெலிபோன் பூத் மாதிரியான கண்ணாடிப் பெட்டி. பிளெத்திஸ்மோகிராஃப் என்று பெயர். உள்ளே உட்காரவைத்துக் கதவை மூடி, வாய்க்குழாயை ஒரு கணம் அடைத்துவிட்டு மூச்சுவிட முயலச் சொல்வார்கள். மார்பு விரியும்போது உள்ளே அழுத்தம் குறையும், பெட்டிக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் கன அளவு குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பாயில் விதியை வைத்து, நுரையீரலில் இருக்கும் காற்று எல்லாவற்றையும் கணக்கிடலாம், சிறைப்பட்டதையும் சேர்த்து. ஆர்தர் டுபோயும் சகாக்களும் 1956இல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே நபரை இரண்டு முறையிலும் அளந்து, பெட்டி காட்டும் எண் ஹீலியம் காட்டுவதைவிட மிக அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசமே ஒரு தகவல்: அவ்வளவு காற்று அடைப்புக்குப் பின்னால் கிடக்கிறது.

அப்புறம், காற்று நுண்ணறைகளே சரியாக இருக்கின்றனவா என்ற கேள்வி. இதற்குக் கார்பன் மோனாக்சைடைப் பயன்படுத்துகிறார்கள். விஷவாயுதான், ஆனால் இங்கே தருவது சுமார் 0.3 சதவீதம், அதுவும் ஒரே மூச்சு. இழுத்து, பத்து வினாடி அடக்கி, விட வேண்டும். இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டும். அதனால் சவ்வைத் தாண்டியது எதுவும் திரும்பாது. போனதில் எவ்வளவு திரும்பவில்லை என்பது சவ்வின் நலத்தைச் சொல்லிவிடும். இந்த யோசனையை 1915இலேயே டென்மார்க்கில் மேரி குரோக் முன்வைத்தார். அவர் கணவர் ஆகஸ்ட் குரோக் நோபல் பரிசு வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியும். மேரியின் பெயரும் அதே அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தச் சோதனை ஜாஸ்பர் நோயாளிகளின் விஷயத்தில் முடிச்சை அவிழ்க்க உதவியது. எம்ஃபிசீமாவில் நுண்ணறைகளின் சுவர்கள் அழிவதால் இந்த எண் சரியும். இவர்களுக்குப் பொதுவாக அது சரியவில்லை. மார்பு எக்ஸ்ரேயும் பெரும்பாலும் சாதாரணமாகவே இருந்தது. நுண்ணறைகள் நன்றாக இருக்கின்றன, பெரிய குழல்கள் மருந்துக்கு இளகவில்லை, காற்றோ சிறைப்பட்டிருக்கிறது. இடையில் மிச்சமிருப்பது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்குழல்கள்தான். அவை வெந்து, ஆறும்போது தழும்பு கட்டி, உள்வழி மூடிப்போகும் நோய்க்குப் பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிடரன்ஸ் என்று பெயர். பத்திரிகைகள் பிறகு பாப்கார்ன் நுரையீரல் என்று அழைத்தது இதைத்தான்.

நுண்குழல்களில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒவ்வொன்றும் குறுகியது என்றாலும் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், எல்லாம் சேர்ந்து காற்றுக்குத் தரும் தடை ரொம்பக் குறைவு. மேக்லெம், மீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1967இல் இதை நேரடியாக அளந்து காட்டினார்கள். இதன் விளைவு கொடுமையானது: நுண்குழல்களில் கணிசமான பகுதி கெட்ட பிறகும் எஃப்இவி1 பெரிதாக அசையாமல் இருக்கலாம். எண் விழும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும்.

காற்றைப் பிடித்து அளப்பது

நோயின் இடம் தெரிந்துவிட்டது. அடுத்தது, உள்ளே போனது என்ன? அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நையாஷின் குழு ஆலைக்குள் காற்றை அளந்தது.

ஆவியைப் பிடிக்கும் முறை எளிது. உறிஞ்சும் பொருள் நிரப்பிய சிறு குழாய் ஒன்றைச் சட்டைக் காலரில் மாட்டுவார்கள், இடுப்பில் ஒரு பம்ப். மூக்கிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்குள் குழாய் இருக்க வேண்டும். அறையின் மூலையில் அளந்த எண் அந்த ஆள் சுவாசித்ததைச் சொல்லாது. வேலை முடிந்ததும் குழாயை ஆய்வகத்துக்கு அனுப்பி, பிடிபட்டதைக் கரைத்து எடுத்து, வாயு குரோமடோகிராஃபில் செலுத்தி, எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரிப்பார்கள். ஆலையின் கலவை அறையில் டைஅசிட்டைல் சராசரியாக 18 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 18 பங்கு. பொட்டலம் கட்டும் பகுதியில் 1.3. மற்ற இடங்களில் 0.02. ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம்.

காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் அந்தக் காலத்து முறை டைஅசிட்டைலைக் குறைத்துக் காட்டும் என்று பின்னால் தெரியவந்தது. புதிய முறைகளை உருவாக்கி, பழைய எண்களுக்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. அளவிடும் முறையையே சந்தேகித்துத் திரும்பத் திரும்பச் சோதிக்கும் இந்தப் பழக்கம்தான், எனக்கு இந்தத் துறையின் மேல் மதிப்பு வரக் காரணம்.

தூசியும் புகையும் என்றால் குழாய்க்குப் பதில் வடிகட்டித் தாள். முன்னும் பின்னும் மைக்ரோகிராம் துல்லியத்தில் எடை போட்டு வித்தியாசம் பார்ப்பார்கள். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் கர்ப்பிணிகளை வைத்து நடந்த பன்னாட்டுச் சோதனையில் இப்படித்தான் அளந்தார்கள். நம் பக்கத்தில் இதை நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் குழு. அந்தப் பெண்கள் உடலில் அணிந்திருந்த சிறு கருவிகள் பிடித்த நுண்துகள், விறகு போன்ற எரிபொருளில் சமைத்தவர்களிடம் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவிலும், சமையல் எரிவாயு பெற்றவர்களிடம் 24 அளவிலும் இருந்தது.

துகள் என்றால் எடை மட்டும் போதாது, அளவு வேண்டும். பத்து மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடும். சில மைக்ரான் உள்ளவை குழல்களில் மெல்லப் படியும். மிக நுண்ணியவை காற்று மூலக்கூறுகளால் தள்ளாடித் தள்ளாடி நுண்ணறைச் சுவரில் ஒட்டும். இடையில் அரை மைக்ரானுக்குச் சற்றுக் கீழே உள்ளவை, மோதவும் கனமில்லாமல் தள்ளாடவும் நுணுக்கமில்லாமல், கணிசமாக மூச்சோடு வெளியே வந்துவிடுகின்றன. அளவு வாரியாகப் பிரிக்க அடுக்கு இம்பாக்டர் என்ற கருவி உண்டு. காற்றை மேலிருந்து கீழே, துளை சிறுத்துக்கொண்டே போகும் தட்டுகள் வழியாக இழுக்கும். கனத்த துகள் மேல் தட்டிலும் நுண்ணியது கீழ்த் தட்டிலும் மாட்டும். ஆஸ்துமா இன்ஹேலரின் மருந்து உண்மையில் நுரையீரல் வரை போகுமா என்று மருந்து நிறுவனங்கள் சோதிப்பதும் இதே வகைக் கருவியில்தான்.

இந்த இடத்தில் மார்ட்டின் ரைட்டை நினைக்காமல் போக முடியாது. சவுத் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை ஆராய்ந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவில் இருந்தவர். சோதனைக்காகத் தூசியைச் சீராகக் காற்றில் கலந்து தரும் கருவியை 1950இல் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில், ஊதும் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரையும் உருவாக்கினார். இன்று ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் வைத்து ஊதும் பிளாஸ்டிக் குழாய் அதன் வாரிசு. உள்ளே போவதற்கு ஒரு கருவி, வெளியே வருவதற்கு ஒரு கருவி, இரண்டும் ஒரே மனிதர் செய்தவை.

இரண்டையும் இணைப்பது

2000ஆம் ஆண்டு நவம்பரில் நையாஷ் குழு ஆலையில் அப்போது வேலையில் இருந்தவர்களில் 117 பேரை ஊதவைத்து, அமெரிக்கத் தேசியக் கணக்கெடுப்பின் எண்களோடு ஒப்பிட்டது. மூச்சடைப்பு எதிர்பார்ப்பதைவிட 3.3 மடங்கு. எப்போதுமே புகைபிடிக்காதவர்களை மட்டும் பார்த்தால் 10.8 மடங்கு. சிகரெட்டைக் காரணம் காட்டித் தப்பிக்க வழியில்லை. அதோடு, யார் எந்தப் பகுதியில் எத்தனை காலம் வேலை பார்த்தார் என்பதையும் அங்கே அளந்த காற்றையும் பெருக்கி, ஒவ்வொருவர் மேலும் பட்ட மொத்த அளவை மதிப்பிட்டார்கள். அந்த அளவு ஏற ஏற அடைப்பும் ஏறியது.

வலுவான சான்றுதான். ஆனாலும் மணமூட்டியில் இருப்பது டைஅசிட்டைல் மட்டுமல்ல. கூடவே வேறு பல ஆவிகள் உண்டு. குற்றவாளி எது என்று தனியாகக் கேட்க, ஆய்வகத்துக்குத் திரும்ப வேண்டும்.

நையாஷ் ஆய்வகத்தில் ஆன் ஹப்ஸ் குழுவினர் எலிகளை ஆறு மணி நேரம் வெண்ணெய் மணமூட்டியின் ஆவியைச் சுவாசிக்கவைத்தார்கள். மூக்கின் உள்படலமும் மூச்சுக்குழல்களின் படலமும் செல் செல்லாகச் செத்து உரிந்திருந்தன. 2002இல் இது வெளியானது. பிறகு டைஅசிட்டைலை மட்டும் தனியாகக் கொடுத்தும் அதே சேதத்தைப் பார்த்தார்கள்.

விலங்குகளுக்கு ஆவி கொடுப்பதிலும் நுட்பம் இருக்கிறது. முழு உடலும் அறைக்குள் இருந்தால் பொருள் ரோமத்தில் படியும். எலி அதை நக்கி விழுங்கும். மூச்சில் போனது எவ்வளவு, வாயில் போனது எவ்வளவு என்று குழம்பிவிடும். மூக்கு மட்டும் நீட்டியிருக்கும்படி குழாயில் அடைத்தால் அளவு துல்லியமாகும், ஆனால் விலங்கு மிரண்டு, மூச்சு மாறும். பன்னாட்டு அளவில் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பான ஓஈசிடி இதற்கெல்லாம் நெறிமுறைகள் வைத்திருக்கிறது: நான்கு மணி நேர உடனடிச் சோதனை, 28 நாள், 90 நாள் என்று.

இங்கே யாரும் கேட்க வேண்டிய கேள்வி: எலியின் மூக்கு கெட்டது, மனிதருக்கு ஏன் நுண்குழல் கெட்டது? எலியால் மூக்கால் மட்டுமே மூச்சுவிட முடியும். டைஅசிட்டைல் நீரில் கரையும். அதனால் எலியின் சுருள் சுருளான மூக்கு அதைப் பெருமளவு பிடித்துக்கொள்கிறது. மூட்டை தூக்கும் தொழிலாளி வாயைத் திறந்து ஆழமாக மூச்சு வாங்குவார்; ஆவி நேராகக் கீழே இறங்கும். கணினி மாதிரிகளில் கணக்கிட்டபோது, ஒரே காற்றைச் சுவாசித்தாலும் அப்படி உழைக்கும் மனிதரின் நுண்குழலில் சேரும் அளவு எலியுடையதைவிடப் பல மடங்கு என்று வந்தது. காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதும் திசுவில் எவ்வளவு சேர்ந்தது என்பதும் ஒன்றல்ல. இந்தத் துறையில் புதிதாக நுழைபவர் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப்போகலாம் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

விலங்குகளைக் குறைக்கும் வழிகளும் வளர்ந்திருக்கின்றன. மனித மூச்சுக்குழல் செல்களை நுண்துளைச் சவ்வின் மேல் வளர்த்து, கீழே ஊட்டத் திரவம், மேலே வெறும் காற்று என்று வைத்தால், சில வாரங்களில் அவை அசையும் மயிரிழைகளையும் சளியையும் உண்டாக்கும். அந்தச் செல்களின் மேல் ஆவியை நேராகச் செலுத்திப் பார்க்கலாம். ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பர், டோங்குன் ஹு குழு 2010இல் இன்னொரு படி போய், மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும் சில்லு ஒன்றின் மேல் நுரையீரல் செல்களை வளர்த்தது.

உயிரோடு இருக்கும் மனிதரின் நுரையீரல் ஆழத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கழுவிப் பார்ப்பது ஒரு முறை. மூச்சுக்குழலுக்குள் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப் குழாயை ஒரு கிளைக்குள் நிறுத்தி, உப்பு நீரைச் செலுத்தி, திரும்ப உறிஞ்சி, வந்த செல்களை எண்ணுவார்கள். ஆரோக்கியமானவரிடம் பெரும்பாலும் தூசியையும் கிருமியையும் விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் இருக்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூடியிருந்தால் உள்ளே அழற்சி. 1984 டிசம்பரில் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் வாயுவைச் சுவாசித்துப் பிழைத்தவர்களிடம், மேலே சொன்ன விஜயனும் சகாக்களும் இதைச் செய்தார்கள். சம்பவம் நடந்து ஆண்டுகள் கழிந்த பிறகும், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் நுரையீரலுக்குள் அழற்சி செல்கள் அதிகமாகவே இருந்தன. எக்ஸ்ரே காட்டாததை அந்த உப்பு நீர் காட்டியது.

மனிதரை வைத்தே சோதிக்கக்கூடிய பொருள்களும் உண்டு, விளைவு தற்காலிகமானது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் உள்ள அறைகளில் தன்னார்வலர்கள் ஓசோன் கலந்த காற்றில் 6.6 மணி நேரம் இருந்தார்கள்: 50 நிமிடம் உடற்பயிற்சி, 10 நிமிடம் ஓய்வு, நடுவில் மதிய உணவு. 0.08 பிபிஎம் அளவிலேயே எஃப்இவி1 இறங்கியது. அமெரிக்கா ஓசோன் வரம்பை இறுக்கியதற்கு இந்த அறைகளில் எடுத்த எண்கள் ஒரு முக்கிய ஆதாரம். டைஅசிட்டைலை இப்படி யாருக்கும் கொடுத்துப் பார்க்க முடியாது. தழும்பு கட்டினால் திரும்பாது.

வரம்பு வந்தது எப்போது

கலிஃபோர்னியா 2010இல் டைஅசிட்டைலுக்கு விதி கொண்டுவந்தது. நையாஷ் 2016இல் பரிந்துரைத்த வரம்பு, எட்டு மணி நேர வேலைக்கு 5 பிபிபி. நூறு கோடிப் பங்கில் 5 பங்கு. ஜாஸ்பர் கலவை அறையில் இருந்தது இதைப்போல் 3,600 மடங்கு. எட்டுப் பேரைப் பற்றிய தகவல் வந்ததிலிருந்து இந்தப் பரிந்துரை வர பதினாறு ஆண்டுகள். நடுவில் சில தயாரிப்பாளர்கள் 2,3-பென்டேன்டையோன் என்ற மாற்று மணமூட்டிக்கு மாறினார்கள். வேதி அமைப்பில் டைஅசிட்டைலின் மிக நெருங்கிய உறவு அது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சேதமும் ஏறக்குறைய அதே. டைஅசிட்டைல் இல்லை என்று டப்பாவில் போட்டிருந்ததால் நுரையீரலுக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை.

மணமூட்டி, மாவு, பெயின்ட், வெல்டிங் புகை என்று எதையாவது தினமும் சுவாசித்து வேலை செய்பவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். ஸ்பைரோமெட்ரி அறிக்கையில் 'இயல்பு' என்று போட்டிருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். எதிர்பார்க்கும் அளவில் 80 முதல் 120 சதவீதம் வரை சாதாரணமாக இயல்பு என்று எழுதிவிடுவார்கள். ஒருவர் 115இலிருந்து இரண்டே ஆண்டில் 88க்கு இறங்கினாலும் அறிக்கை இயல்பு என்றே சொல்லும். உண்மையில் அவர் நுரையீரலின் நான்கில் ஒரு பங்கு வேகம் போயிருக்கும். வயது ஏறுவதால் மட்டும் எஃப்இவி1 குறைவது ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர்தான். அதனால் வேலையில் சேரும்போதே ஒருமுறை ஊதி, அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பழைய அறிக்கையையும் கையில் கொண்டுபோய், சதவீதத்தை விட்டுவிட்டு லிட்டர் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயதுக்கு எதிர்பார்க்கும் குறைவுக்கும் மேலாக 15 சதவீதம் இறங்கியிருந்தால், மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், என்ன சுவாசிக்கிறோம் என்று ஆலைக் காற்றை அளக்கக் கேட்க அது போதுமான காரணம்.